ஒசாகாவில் எதிர்ப்பக்கம் எழுதிய மொய்

1

நவம்பர் 15, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி பதினெட்டு நிமிடம். ஒசாகாவில் தூறல். பதினோரு டிகிரி. குடையை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடும் காற்று. எங்கள் ஊர்ப்பக்கம் பாகூரில் அப்போது பிற்பகல் ஒன்று நாற்பத்தெட்டு. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்திருப்பார்கள். நான் ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை முன்னால் நனைந்தபடி நின்று, ஜப்பானியர்களின் கதவெண்கள் மேல், என் மகன் மேல், என் பேத்தி மேல் என்று வரிசையாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் தேடியது ஒரு கச்சேரி நடக்கும் இடம். இங்கே அதை லைவ் ஹவுஸ் என்கிறார்கள். சபா என்று நினைத்துவிடாதீர்கள். கட்டடத்தின் அடியில், நான் வேலை பார்த்த சர்க்கரை ஆலையின் சைக்கிள் ஸ்டாண்ட் அளவுக்கு ஓர் அறை. ஐம்பது பேர் நிற்கலாம். உட்கார நாற்காலி கிடையாது. ஒரே மாலையில் மூன்று நான்கு இசைக்குழுக்கள் ஆளுக்கு அரை மணி நேரம் வாசித்துவிட்டுப் போகும். இப்படிப்பட்ட அறைகள் இந்த நகரத்தில் எத்தனை இருக்கின்றன என்று நானும் பலரைக் கேட்டுவிட்டேன். 'நிறைய' என்கிறார்கள். நிறைய என்பது ஒரு எண்ணா?

எனக்கு வயது எழுபத்து நான்கு. சோரியாங்குப்பத்துக்காரன். பி.காம். முடித்து, ஆலையின் எடைமேடையில் முப்பத்தோரு வருடம் கரும்பு வண்டிகளை எண்ணியவன். மனைவி இறந்த பிறகு, எட்டு வருடமாக மகன் செந்தில் வீட்டில் இங்கே இருக்கிறேன். ஊரில் என்னைப் பார்த்துக்கொள்ள நாதியில்லை என்று வருடந்தோறும் குடிவரவு அலுவலகத்தில் நிரூபித்தால்தான் இருக்க விடுவார்கள். உயிரோடு இருப்பவன் தனக்கு யாருமில்லை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்குக் கட்டணம் வேறு.

செந்திலின் ஒரே மகள் மதி. பத்தொன்பது வயது. இந்த ஏப்ரலில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டிரம்ஸ் வாசிக்கப் போகிறேன் என்றாள். செந்தில் கத்தினான். அவள் அவனைவிட உரக்கக் கத்தினாள். அன்றைக்கே ஒரு பையோடு கிளம்பி, நகரத்தின் தெற்கே இரண்டு தோழிகளோடு தங்கிவிட்டாள். அவளாகப் பேசும்வரை இந்த வீட்டிலிருந்து யாரும் பேசக் கூடாது, போய்ப் பார்க்கவும் கூடாது என்றான் செந்தில். நானும் சரி என்று தலையாட்டினேன். ஏழு மாதம் ஓடிவிட்டது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அந்தப் பெண் சாப்பிடுகிறாளா, இளைத்துவிட்டாளா என்று என் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும். அவளைத் தேடி நான் போனேன் என்று அவளும் சொல்லக் கூடாது, செந்திலும் சொல்லக் கூடாது.

2

சோரியாங்குப்பத்தில் பாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் காலை நாலரைக்கு ஆரம்பிக்கும். காதுகுத்து என்றால் ஒரு ஸ்பீக்கர், கருமாதி என்றால் ஒரு ஸ்பீக்கர், கட்சிக் கொடி ஏற்றினால் நான்கு. இதை எதிர்த்துக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தவன் நான். மூன்றுக்கும் பதில் இல்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இங்கே நிலைமை நேர் எதிர். பாட்டைப் பூமிக்கடியில் போட்டு, மேலே இரும்புக் கதவு வைத்துப் பூட்டிவிட்டார்கள். வெளியே ஒரு முனகல்கூடக் கேட்காது. பெயர்ப்பலகை என்பது சுவரில் ஒட்டிய ஒரு தாள். கதவெண்ணோ, வீதி வரிசையில் போகாது. எந்தக் கட்டடம் முதலில் வந்ததோ அதற்கு முதல் எண் என்று கொடுத்திருக்கிறார்களாம். பதினான்குக்குப் பக்கத்தில் மூன்று. மூன்றுக்கு எதிரே இருபத்தொன்று. எடைமேடையில் நான் இப்படி டோக்கன் கொடுத்திருந்தால் வண்டிக்காரர்கள் என்னைக் கரும்போடு சேர்த்து அரவைக்கு அனுப்பியிருப்பார்கள்.

இது எனக்கு இரண்டாவது முயற்சி. அக்டோபரில் மதி வாசித்த ஒரு நிகழ்ச்சியின் விளம்பரத்தை மருமகள் ரேவதி தன் கைப்பேசியில் வைத்திருந்தாள். மகள் அவளுக்கு மட்டும் ரகசியமாக அனுப்புவாள் போலிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அந்தப் படத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். நான் முகவரியை எழுதிக்கொண்டேன். அவளும் காட்டவில்லை, நானும் பார்க்கவில்லை. நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, ஒரு மணி நேரம் சுற்றி, நான்கு கட்டடம் தள்ளி வேறொரு படிக்கட்டில் இறங்கிவிட்டேன். மூவாயிரம் யென். சட்டை போடாத நான்கு ஆண்கள் நாற்பது நிமிடம் என்னைப் பார்த்து அலறினார்கள். பேத்தி அங்கே இல்லை.

இந்தத் தடவையும் ரேவதி கைப்பேசியைத் திறந்து வைத்தாள். அதே முகவரிதான். இந்தத் தடவையும் நூலகம் என்றேன்.

சைக்கிள் கடை முன்னால் நின்றபோது பாகூரிலிருந்து அந்தோணி வீடியோவில் கூப்பிட்டான். எடைமேடையில் எனக்கு அடுத்த ஷிப்டு பார்த்தவன். வாரம் ஒரு முறை கூப்பிட்டு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"இன்னாடா, எங்க கீற? மூஞ்சில தண்ணி வழியுது?"

"மழை பெய்யுது. ஒரு பாட்டுக் கச்சேரிக்கு வழி தேடிட்டு இருக்கேன்."

"கச்சேரியா? நீயா?" அவன் சிரித்த சிரிப்பில் கைப்பேசி அதிர்ந்தது. "ஸ்பீக்கர் வயர புடுங்குன்னு பெட்டிஷன் போட்ட ஆளுடா நீ! எங்க சர்ச்சு மணி ரெண்டு அடி கூட அடிச்சிட்டான்னு சண்டைக்கு வந்தவன்! ஜப்பான்காரன் உன்ன இன்னா பண்ணான்?"

"போன வையி. சார்ஜ் இல்ல."

"கச்சேரில ஸ்பீக்கர ஆப் பண்ணச் சொல்லிடாதடா. வெளிநாடு. உள்ள வெச்சிருவானுங்க."

வைத்துவிட்டேன். சார்ஜ் நாற்பத்தாறு சதவீதம் இருந்தது.

முனையில் காவல் சாவடி ஒன்று. உள்ளே போய் வழி கேட்டேன். இளம் போலீஸ்காரர் எழுந்து நின்று வணங்கி, முதல் வேலையாக என் குடியிருப்பு அட்டையைக் கேட்டார். வழி கேட்டவனுக்கு அட்டை எதற்கு? காட்டினேன். அட்டையிலிருந்த முகத்தையும் என் முகத்தையும் மூன்று தடவை ஒப்பிட்டார். பிறகு மேசை அகலத்துக்கு ஒரு வரைபடத்தை விரித்து, விரலால் தேடி, குடையோடு வெளியே வந்து கையை நீட்டினார். நான் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்த சைக்கிள் கடை. அதற்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவே ஒன்றரை முழ அகலத்தில் ஒரு சந்து. சந்துக்குள் இரும்புக் கதவு.

எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு நன்றி சொல்லக்கூட ஜப்பானிய மொழி வரவில்லை.

3

படியில் இறங்கினால் கீழே ஒரு சின்ன மேசை. நடுவயதுப் பெண் ஒருத்தி, கறுப்புச் சட்டை, காதில் பென்சில். டிக்கெட் இரண்டாயிரத்து ஐநூறு என்றாள். எண்கள் மட்டும் எனக்கு அந்த மொழியில் பிழையில்லாமல் விளங்கும். கொடுத்தேன். டிரிங்க் அறுநூறு என்றாள். எனக்குக் குடிக்க ஒன்றும் வேண்டாம் என்றேன். வேண்டாமென்றாலும் அறுநூறு என்றாள். வெளியே போய்த் திரும்பி வந்தால் மறுபடி டிக்கெட், மறுபடி அறுநூறு என்று எழுதிய அட்டையைப் பென்சிலால் தட்டிக் காட்டினாள். தாகமில்லாதவனிடம் தண்ணீருக்குக் காசு வாங்குவதற்குக் கூழைக்கும்பிடு வேறு. மூவாயிரத்து நூறையும் வைத்தேன்.

அப்புறம் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"இன்றைக்கு யாரைப் பார்க்க வந்தீர்கள்?"

அவள் முன்னால் ஓர் அட்டையில் அன்று வாசிக்கும் நான்கு குழுக்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே கோடுகள். நாங்கள் நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று அடிப்போம். இவர்கள் ஐந்து கோட்டில் முடியும் ஓர் எழுத்தை எழுதி ஐந்தைந்தாக எண்ணுகிறார்கள். வந்தவர்களை யார் யாருக்கு வந்தவர்கள் என்று பிரித்து எண்ணும் கணக்கு என்று பார்த்ததும் புரிந்தது. எதற்காக என்று தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே டிக்கெட்தானே.

ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நம் பக்கத்தில் கல்யாண மண்டப வாசலில் மொய் எழுத உட்காருகிறவர் கேட்பாரே, "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" அதே கேள்வி, அதே மேசை, அதே நிமிராத தலை.

அதற்குப் பதில் சொல்வதில் ஒரு வழி உண்டு. நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வரப்புத் தகராறில் என் தம்பியோடு ஆறு வருடம் எனக்குப் பேச்சில்லை. அவன் மகளுக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. பத்திரிகை வைக்காத வீட்டுக்குப் போக முடியாது. தூக்கி வளர்த்த பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்காமலும் இருக்க முடியாது. மாப்பிள்ளை கரையாம்புத்தூர். அவர் பெரியப்பா எங்கள் ஆலைக்கு வண்டி ஓட்டியவர். அவர் எனக்குத் தனியாக ஒரு பத்திரிகை கொடுத்தார். நான் போனேன். வாசலில் கேட்டார்கள். "மாப்ள வூடு" என்று ஆயிரத்தொன்று எழுதினேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தாலி ஏறுவதைப் பார்த்தேன். முதல் பந்தியில் சாப்பிட்டேன். வந்துவிட்டேன். நான் தம்பி வீட்டுக்கு இறங்கிப் போகவில்லை. அவனும் என்னை அழைக்கவில்லை. இரண்டு பேருக்கும் குறைவில்லை. பெண்ணை மட்டும் பார்த்தாயிற்று.

மதியின் குழுவுக்குப் பெயர் 'புதன்கிழமைப் பிளாஸ்டிக்'. எங்கள் பகுதியில் புதன்கிழமைதான் பிளாஸ்டிக் குப்பை எடுப்பார்கள். அதை வெளியே கொண்டுபோய் வைப்பது வீட்டில் அவள் வேலை. அந்தப் பெயர் அட்டையில் மூன்றாவதாக இருந்தது. அதைச் சொன்னால் இவள் உள்ளே போய் அவளிடம் சொல்வாள், ஒரு கிழவர், இந்தியர், உன்னைத்தான் பார்க்க வந்திருக்கிறார் என்று. அழைக்காத இடத்துக்கு வந்து நின்றவன் ஆவேன்.

முதலில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினேன். 'மூன்றாம் மாடிக் குளம்'. அவள் கோடு போட்டாள்.

4

டிரிங்க் என்று கொடுத்தது பிளாஸ்டிக் டம்ளரில் பால் இல்லாத, சர்க்கரை இல்லாத டீ. நவம்பர் மாதத்தில் அதில் ஆறு துண்டு ஐஸ். காசு கொடுத்தாயிற்றே என்று குடித்தேன். பல் கூசியது.

மூன்றாம் மாடிக் குளத்துக்குக் கூட்டம் இருந்தது. இருபதுக்கு மேல். எல்லாம் ஒரே கல்லூரிப் பிள்ளைகள் போல. அடுத்த குழு வந்ததும் அவர்களில் பாதிப்பேர் சுவர் ஓரமாகப் போய்க் கைப்பேசியைப் பார்த்தார்கள். யாருக்கு வந்தார்களோ அவர்களுக்கு மட்டும் காது. மற்ற நேரத்துக்குக் காது வாடகைக்கு இல்லை.

ஏழு மணி ஆறு நிமிடத்துக்கு மதி வந்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். இளைத்திருந்தாள், இரண்டு கிலோ இருக்கலாம், மூன்று இருக்காது. எடைமேடைக் கண் தப்பாது. கையில் ஒரு பிளாஸ்திரி. குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றோடொன்று தட்டி, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று கத்தினாள். ஜப்பானியப் பாட்டு, தமிழ்ப் பெண், எண்ணுவது இங்கிலீஷில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வயதில் போனில் நான் தமிழில் எண்ணக் கற்றுக்கொடுத்த பிள்ளை.

பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. சத்தம் நெஞ்செலும்பில் இடித்தது. கிட்டார் பெண் இரண்டு இடத்தில் பிந்தினாள். பாடிய பெண் ஓர் இடத்தில் முந்தினாள். மதி ஆறு பாட்டிலும் பிந்தவில்லை, முந்தவில்லை. மற்ற இருவரும் தடுமாறியபோதெல்லாம் திரும்பி அவள் கையைப் பார்த்துத்தான் சேர்ந்துகொண்டார்கள். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

முன்னால் நின்று கேட்டவர்கள் எட்டுப் பேர்.

5

பார்த்தாயிற்று. கிளம்பிவிடலாம் என்று படியேறி வெளியே வந்தேன். சந்தில் குடையை விரிப்பதற்குள் பின்னால் கதவு திறந்தது. டிரம்ஸ் தட்டுகளை ஒரு வட்டப் பையில் தூக்கிக்கொண்டு மதி வந்தாள். இடிபடாமல் ஒருவர்கூடப் போக முடியாத சந்து. எங்கே ஒளிவது?

"தாத்தா?"

"இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

"இந்தச் சந்துலயா?"

எப்படி இருக்கிறாய் என்று அவள் கேட்பாள், நானும் கேட்கலாம் என்று இருந்தேன். அவள் கேட்டது வேறு.

"உள்ள வந்தியா? வாசல்ல யார் பேரச் சொன்ன?"

"அது எதுக்கு உனக்கு?"

"சொல்லு தாத்தா. யார் பேரு?"

"முதல்ல போட்டிருந்தாங்களே. குளம்."

அவள் பையைத் தொப்பென்று தரையில் வைத்தாள்.

"குளமா! இன்னா தாத்தா நீ! அறிவு இருக்கா உனக்கு? அவங்களுக்கு ஏற்கெனவே இருபத்திரண்டு!"

இந்த 'இன்னா' என்னிடமிருந்து அவளுக்குத் தொற்றியது. ரேவதி மதுரைக்காரி, இதைக் கேட்டால் முகம் சுளிப்பாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அறிவு இருக்கா என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வரும்?

"ஏய், மரியாதையா பேசு. யார் பேரச் சொன்னா இன்னா? ஒரே டிக்கெட்டுதானே?"

அப்போதுதான் சொன்னாள். மழையில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தமிழும் ஜப்பானிய மொழியுமாக. இங்கே வாசிக்கும் ஒவ்வொரு குழுவும் தன் பெயரைச் சொல்லி வரும் பத்துப் பேரைக் கொண்டுவர வேண்டும். பத்துக்குக் குறைந்தால், குறையும் ஒவ்வொரு ஆளுக்கும் டிக்கெட் பணத்தைக் குழுதான் கட்ட வேண்டும். மூன்று தடவை தொடர்ந்து குறைந்தால் அந்தக் குழுவுக்கு அப்புறம் தேதி கிடையாது. ஆகஸ்டில் குறைந்தது. அக்டோபரில் குறைந்தது. இன்றைக்கு எட்டுப் பேர்தான்.

"கடைல ராத்திரி ஷிப்டு நின்னுதான் போன ரெண்டு வாட்டியும் கட்டுனேன். இன்னைக்கும் குறைஞ்சா வேற எடத்துக்குப் போயி முதல்லேர்ந்து கெஞ்சணும். யாரும் எடுக்க மாட்டாங்க. முடிஞ்சிது."

"வாசிக்கிறவங்க காசு கட்டணுமா?"

"ஆமா."

"வாசிக்கிறவங்களா?"

"ஆமா தாத்தா!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. நம் ஊரில் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கைக்கு வராமல் மேளம் உறையைவிட்டு வெளியே வராது. சாராயம் குடித்துவிட்டுத் தாளம் தப்பி அடித்தவனுக்கும் பேசிய கூலியைக் கொடுத்துத்தான் அனுப்புவோம். கருமாதி வீட்டில்கூட வாசிப்பவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புவோம். இங்கே ஆறு பாட்டு அடித்து, கை கிழிந்து பிளாஸ்திரி போட்ட பெண்ணிடம், உன் சொந்தக்காரர்கள் வரவில்லை, பணத்தை எடு என்கிறார்கள். அதையும் குனிந்து வணங்கிக் கேட்பார்கள்.

"உங்கப்பன்கிட்ட சொல்றதுதானே? அம்மா வந்திருப்பாளே?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க மூணு பேரும்தானே யாரும் வரக் கூடாதுன்னு முடிவு பண்ணீங்க? வந்தவரும் குளத்தப் பாக்க வந்தீங்க!"

கோபம் முற்றினால் அவளும் மரியாதைப் பன்மைக்கு மாறுவாள். என் மனைவி அப்படித்தான்.

"வா கீழ," என்றேன்.

6

கடைசிக் குழு தொடங்கும்வரைதான் வாசல் கணக்கு. மேடையில் அவர்கள் கம்பிகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேசைக்காரியிடம் என் கோட்டைக் குளத்திலிருந்து எடுத்துப் பிளாஸ்டிக்குக்கு மாற்றச் சொன்னேன். மதி மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். எழுதியது எழுதியதுதான், ஒருவர் கணக்கில் விழுந்ததை எடுத்து இன்னொருவர் கணக்கில் போட முடியாது. மொய்யிலும் அதுதான் முறை.

"நான் வெளிய போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன்னு சொல்லு," என்றேன். "அவங்க அட்டைல போட்டிருக்கு. மறுபடி டிக்கெட்."

"தாத்தா, வேணாம். இது ஏமாத்துறது."

"எதுடி ஏமாத்து? அவங்க சட்டம்தானே? முதல்ல குளத்தப் பாக்க வந்தேன். இப்ப வேற ஆளப் பாக்க வந்திருக்கேன்."

மூவாயிரத்து நூறு வைத்தேன். அந்தப் பெண் பணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் மூக்கு சிவந்து நின்ற மதியைப் பார்த்தாள். பிறகு முறைப்படி, முதல் தடவை பார்ப்பதுபோலக் கேட்டாள். யாரைப் பார்க்க வந்தீர்கள்?

"புதன்கிழமைப் பிளாஸ்டிக்," என்றேன் அவர்கள் மொழியிலேயே. எழுபத்து நான்கு வயதில் உரக்கச் சொல்ல வேண்டிய பெயரா இது? சுவர் ஓரத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கோடு விழுந்தது. ஒன்பது.

"இன்னும் ஒண்ணு."

"நீ எத்தன தடவ படி ஏறி இறங்குவ? ஒனக்கு முட்டி..."

"நான் இல்ல. உங்கப்பன்."

"அப்பா எங்க வந்தாரு?"

"வர முடியாதவங்க மொய்ய வர்றவங்க கைல குடுத்து அனுப்புறதில்லையா? எழுதச் சொல்லு. செந்தில்குமார். பொண்ணோட அப்பா. ஆளு வரல, பணம் வந்திருக்கு."

அதை அவளால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. இரண்டு தடவை தொடங்கி நிறுத்தினாள். மூன்றாவது தடவை தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தாள். மேசைக்காரி யோசித்தாள். வராதவர் பெயரில் டிக்கெட் வாங்கி வைப்பது இங்கேயும் உண்டாம். டிக்கெட் விற்றால் கணக்கில் சேருமாம். மூவாயிரத்து நூறு என்றாள்.

"வராத ஆளு எப்படி டிரிங்க் குடிப்பான்? கேளு."

மதி கேட்டாள். அந்தப் பெண் முதன்முறையாகச் சிரித்தாள். இரண்டாயிரத்து ஐநூறு வாங்கிக்கொண்டு, ஐந்தாவது கோட்டைப் போட்டு எழுத்தை முடித்தாள். எட்டு வருடத்தில் இந்த நாட்டில் நான் ஜெயித்த ஒரே வழக்கு அது.

இரண்டாவது ஐஸ் டீயை மதியிடம் கொடுத்தேன். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். தட்டுப் பையைத் தூக்கித் தோளில் மாட்டியபடி, "அடுத்த வாட்டி வந்தா ஒழுங்கா பேரச் சொல்லு," என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

7

மறுநாள் ஞாயிறு காலை. ரேவதி இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். செந்தில் எதிரே உட்கார்ந்திருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"நேத்து உன் பொண்ணு வாசிக்கிற எடத்துல உன் பேர எழுதிட்டு வந்தேன். அந்தக் காச எடு."

அவன் எங்கே என்று கேட்கவில்லை. நூலகம் என்றாயே என்றும் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பர்ஸைக் கொண்டுவந்து, மூன்று ஆயிரம் யென் தாள்களையும் ஒரு நூறு யென் நாணயத்தையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மூவாயிரத்து நூறு. நான் தொகையைச் சொல்லவே இல்லை. டிரிங்க் அறுநூறு என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"உனக்கு எப்படிடா தெரியும் இந்த விலை?"

அவன் இட்லியைப் பிட்டான்.

"டேய். நீ போனியா?"

"ரெண்டு வாட்டி," என்றான். "ஆகஸ்ட்ல ஒண்ணு. போன மாசம் ஒண்ணு."

போன மாதம் என்றால், சட்டை போடாத ஆண்களிடம் நான் மாட்டிக்கொண்ட அதே சனிக்கிழமை. அலுவலகத்தில் வேலை என்று சொல்லிவிட்டு இவன் நான்கு கட்டடம் தள்ளிச் சரியான அறையில் நின்றிருக்கிறான்.

"வாசல்ல கேட்டிருப்பாங்களே, யாரப் பாக்க வந்தன்னு. இன்னா சொன்ன?"

அவன் இன்னோர் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டான்.

"இன்னா சொன்னன்னு கேக்கறேன்."

"போர்டுல முதல்ல இருந்த பேருபா."

ரேவதி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "மாமா, அப்பனும் மகனும் நல்லா இருக்கீக. நல்லா இருக்கீக," என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் கத்தினேன். கீழ்வீட்டுக்காரர்கள் கம்பால் கூரையைத் தட்டும் அளவுக்குக் கத்தினேன். அந்த இரண்டு தடவையும் அவளுக்கு ஆள் குறைந்ததை, ராத்திரி ஷிப்டு நின்று கட்டியதை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அறைக்குள் நின்றுகொண்டே பெற்ற மகளைப் பணம் கட்ட வைத்திருக்கிறாயே என்றேன். எனக்காவது அந்தக் கணக்கு தெரியாது. இருபது வருடம் இந்த ஊரில் இருக்கிற உனக்குமா தெரியாது என்றேன். அவன் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரியாதுபா என்றான் கடைசியில். அப்போதும் என் கோபம் இறங்கவில்லை.

அவன் வைத்ததிலிருந்து இரண்டாயிரத்து ஐநூறை எடுத்துக்கொண்டு அறுநூறைத் திருப்பித் தள்ளினேன். வராதவனுக்கு டிரிங்க் கிடையாது.

"ஜனவரி பதினேழு, சனிக்கிழமை," என்றேன். "தேதி குடுத்திருக்காங்க. நீயே வந்து வாசல்ல நின்னு, உன் வாயால பேரச் சொல்லு."

"குழு பேரு இன்னாபா?" என்றான், தெரியாதவன் போல.

"தெரியாதா உனக்கு?"

மெதுவாகச் சொன்னான். "புதன்கிழமைப் பிளாஸ்டிக்."

"கேக்கல."

இன்னொரு தடவை சொன்னான். உள்ளே ரேவதிக்குக் கேட்டிருக்கும்.

அக்டோபரில் தப்பான படிக்கட்டில் மூவாயிரம். ரயிலுக்குப் போக வர ஐநூற்று எண்பது. நவம்பரில் குளத்தின் பெயரில் மூவாயிரத்து நூறு, பேத்தியின் பெயரில் மூவாயிரத்து நூறு, ரயிலுக்கு அதே ஐநூற்று எண்பது. செந்திலின் பங்கை அவன் கொடுத்துவிட்டான். ஆக, எனக்கு ஆனது பத்தாயிரத்து முந்நூற்று அறுபது யென்.